நஞ்சில்லாச் சோறும் நடவாள் இடுப்பும்: உழவர்க்கு ஓர் உடம்புக் கணக்குப் பாடம்



இந்த மாதப் பாடம் என் இடுப்பு பிடித்துக்கொண்ட கதையில் தொடங்குகிறது. வங்கியில் முப்பத்திமூணு வருசம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு விவசாயத்துக்கு வந்தவன் நான். குடியிருப்பு கொரட்டூர். விடிகாலை மின்சார ரயில் ஏறிக் கடம்பத்தூரில் இறங்கினால், அங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் நிலம். ஒன்றரை ஏக்கர். ஏழு வருசமாக ரசாயனம் படாத மண்.

போன சம்பா நடவில் ஆள் பற்றாக்குறை. சரி, நாமும் இறங்குவோம் என்று நாற்றங்காலில் இறங்கி முக்கால் மணி நேரம் குனிந்தபடியே நாற்று பறித்தேன். நிமிர்ந்த கையோடு, நாற்றுமுடி அடுக்கியிருந்த கூடையைத் தூக்கினேன். கூடை ஒன்றும் பெரிய கனம் இல்லை. ஆனால் முதுகின் அடியில் யாரோ ஆணி அடித்த மாதிரி ஒரு குத்து. அப்படியே வரப்பில் உட்கார்ந்தவன், மூணு வாரம் படுக்கை.

திரும்பிப் போன அன்று, நடவுக் குழுவை நடத்தும் அக்கா விசாரித்தார். நான் என் வலிப் புராணத்தைப் பாடி முடித்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அரை நாள் குனிஞ்சதுக்கே மூணு வாரம் படுத்துட்டீங்களே சார். நாங்க வயசுக்கு வந்ததிலேர்ந்து குனிஞ்சிக்கினுதான் கீறோம். எங்க இடுப்பை யாரு கேட்டாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. களைக்கொல்லி அடிக்கக் கூடாது என்று முடிவெடுத்தது நான். அந்த முடிவுக்கு உண்டான வேலையைச் செய்வது அவர் முதுகும், அவரோடு வரும் ஏழு பெண்களின் முதுகும். என் அரிசியை வாங்குகிறவர்களிடம் "நஞ்சில்லாத சோறு" என்று பெருமையாகச் சொல்கிறேன். அந்தச் சோற்றுக்குப் பின்னால் இருக்கிற வலியை நான் எந்தக் கணக்கிலும் எழுதியதில்லை.

அம்பத்தூரில் எனக்கு வைத்தியம் பார்த்த பிசியோதெரபிஸ்ட் தம்பிதான் "இதெல்லாம் பயோமெக்கானிக்ஸ் சார்" என்று ஒரு வார்த்தையைப் போட்டார். படுக்கையில் கிடந்த மூணு வாரமும் அதைப் பற்றித்தான் படித்தேன். படிக்கப் படிக்க, இது டாக்டர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் மட்டும் உரிய படிப்பில்லை என்று தெரிந்தது. நம் நிலத்தில் நடக்கிற அத்தனையும் இதற்குள் வருகிறது. தெரிந்ததை இங்கே பகிர்கிறேன்.

பயோமெக்கானிக்ஸ் என்பது என்ன?

உயிருள்ள பொருள் மேல் விசை எப்படி வேலை செய்கிறது, அந்த விசைக்கு உயிர் எப்படிப் பதில் சொல்கிறது என்று அளந்து பார்க்கும் படிப்பு. உயிர் இயந்திரவியல் என்று தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு வாய்க்கு வருவது "உடம்புக் கணக்கு".

பழைய படிப்புதான். இத்தாலியில் பொரெல்லி என்பவர் மனிதன், குதிரை, பறவை இவற்றின் அசைவுகளை நெம்புகோல் கணக்காகப் பார்த்து எழுதிய நூல், அவர் இறந்த பின் 1680-81இல் வெளிவந்தது. இப்போதுள்ள வடிவத்துக்குத் தந்தை என்று சொல்லப்படுபவர் ஒய்.சி. ஃபங். சீனத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆகாய விமானப் பொறியாளராகப் பேர் வாங்கியவர். 1966இல், நாற்பத்தியேழு வயதில், விமான இறக்கையை விட்டுவிட்டு நுரையீரல், ரத்தக்குழாய் என்று ஆராயப் போனார். நடுவயதில் தொழில் மாற்றியவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பாசம்.

இன்று இந்தப் படிப்பின் கிளைகள் ஏராளம். எலும்பு, மூட்டு, ரத்த ஓட்டம், செயற்கைக் கால், விளையாட்டு, விபத்துக் காயம், கருவி வடிவமைப்பு, விலங்கின் நடை, மரத்தின் நிமிர்வு, வேரின் தள்ளல், பூச்சியின் சிறகு, தனி ஒரு செல் எப்படி அழுத்தத்தை உணர்கிறது என்பது வரை. நமக்கு வேண்டிய கிளைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதுகு: கடப்பாரைக் கணக்கு

கடப்பாரையால் கல்லைப் புரட்டும்போது நீளமான பக்கத்தைப் பிடிக்கிறோம். அதனால்தான் கல் லேசாகப் புரள்கிறது. குட்டைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நீளப் பக்கத்தில் இருக்கும் கல்லைத் தூக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? நம் முதுகின் நிலைமை அதுதான்.

முதுகெலும்பு தாங்குகல். அதற்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தள்ளி முதுகுத் தசை. குனிந்து ஒரு 25 கிலோ மூட்டையைத் தூக்கும்போது, மூட்டை முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். ஐம்பதை ஐந்தால் வகுத்தால் பத்து. மூட்டைக்காக மட்டும் தசை இழுக்க வேண்டியது 250 கிலோ. அதே மூட்டையை வயிற்றோடு ஒட்டி 25 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 125 கிலோ. மூட்டை அதேதான், பாதிக்குப் பாதி மிச்சம்.

கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கணக்கு ஓடுகிறது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு இடுப்புக்கு மேலே இருப்பது ஏறக்குறைய 28 கிலோ. நாற்று நடக் குனியும்போது அந்த எடையின் மையம் இடுப்பிலிருந்து 25 செ.மீ. முன்னால் போய்விடுகிறது. ஐந்து மடங்கு, 140 கிலோ. தன் உடம்பையே அந்த அளவு பாரமாகத் தாங்கிக்கொண்டுதான் ஒவ்வொரு குத்தும் நடுகிறார்.

இது வெறும் காகிதக் கணக்கில்லை. சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், 1960களில் முதுகெலும்பு வட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று வைத்தால், மல்லாந்து படுக்கும்போது 25. முன்னால் குனிந்தால் 150. கையில் 20 கிலோவோடு குனிந்தால் 220. அமெரிக்கத் தொழில் நலத் துறை, பிடிப்பு, தூரம் எல்லாம் தோதாக அமைந்தால்கூட ஒருவர் தூக்க 23 கிலோதான் என்று வரம்பு வைத்திருக்கிறது. நம்ம ஊர் நெல் மூட்டை 75 கிலோ.

கிண்டியில் அவிழ்ந்த முப்புரிக் கயிறு

என்னைக் கீழே தள்ளியது கூடையின் கனம் மட்டும் இல்லை. அதற்கு முந்தைய முக்கால் மணி நேரம். இதைப் புரிந்துகொள்ள நம் சென்னைக்கே வர வேண்டும்.

எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார், தசை நாண், தோல், முதுகு வட்டின் ஓரம் எல்லாவற்றுக்கும் அடிப்படைச் சரக்கு கொலாஜன் என்ற புரதம். அதன் கட்டமைப்பை 1954இல் முதலில் சொன்னவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய வடிவம் அது. நாம் தேங்காய் நாரில் மூணு புரி முறுக்கிக் கயிறு திரிக்கிறோமே, உடம்பும் அதே வேலையைச் செய்கிறது.

கயிற்றுக்கு உள்ள குணம் இந்தக் கயிற்றுக்கும் உண்டு. நைலான் கயிற்றில் பாரம் கட்டித் தொங்கவிட்டால், ஒரே பாரத்துக்கே அது நேரம் ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். அவிழ்த்ததும் உடனே பழைய நீளத்துக்கு வராது. முழுக்கக் குனிந்து நிற்கும்போது ஒரு கட்டத்துக்கு மேல் முதுகுத் தசை சும்மா இருந்துவிடும். பாரத்தை நார்களும் வட்டும் ஏற்கும். இருபது நிமிடம் அப்படியே குனிந்திருந்தால் அந்த நார்கள் நீண்டு தளர்கின்றன. நிமிர்ந்த இரண்டு நிமிடத்தில் பாதிதான் மீள்கிறது. முழுதும் மீள அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் முதுகுக்குக் கட்டு தளர்ச்சி. நான் அந்த நேரம் பார்த்துத்தான் கூடையைத் தூக்கினேன்.

ஆகவே முதல் பாடம்: நீண்ட நேரம் குனிந்தவர் உடனே கனம் தூக்கக் கூடாது. நாற்று பறித்தவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்று பிரித்துவிட்டால் காசு செலவே இல்லை.

இன்னொன்று. சும்மாடு கட்டித் தலையில் சுமப்பதைப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று நினைத்தவன் நான். கென்யாவின் லுவோ இனப் பெண்கள் தலைச்சுமையோடு நடப்பதை அளந்து 1986இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்தாலும் அந்தப் பெண்களுக்குக் கூடுதலாக மூச்சு செலவாகவில்லை. சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே இருப்பதால் கடப்பாரைக் கணக்கும் குறுக்கே வராது. தலைக்குத் தூக்கி ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் ஆபத்து. அங்கே மட்டும் இன்னொரு கை வேண்டும்.

எலும்பு, இதயம், கால்

எலும்பு செங்கல் மாதிரி செத்த பொருள் கிடையாது. பாரம் விழும் பக்கம் தடித்துக்கொள்ளும், பாரம் இல்லாத பக்கம் கரையும். ஜெர்மனியின் யூலியஸ் வுல்ஃப் 1892இல் சொன்ன விதி இது. விண்வெளி வீரர்களுக்கு இடுப்பெலும்பில் மாதம் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் எலும்புச் சத்து குறைவதற்குக் காரணம், அங்கே பாரமே இல்லாதது. நாற்காலியில் முப்பத்திமூணு வருசம் இருந்த எனக்கும் வயலில் இருந்த அக்காவுக்கும் வித்தியாசம் இங்கேதான். எனக்குப் பாரம் போதாமல் கெட்டது. அவருக்கு ஒரே இடத்தில் ஓயாமல் விழுந்து கெடுகிறது. உடம்புக்குப் பாரமும் வேண்டும், இடையில் ஓய்வும் வேண்டும்.

ரத்த ஓட்டமும் இந்தப் படிப்பின் பெரிய கிளை. இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் வருசத்துக்கு ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம் முறை. ஒரு செயற்கை வால்வு அத்தனை முறையும் திறந்து மூட வேண்டும், தேயக் கூடாது, ரத்தம் உறையவும் கூடாது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பல வருசம் பாடுபட்டு அப்படி ஒன்றை உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

உழவருக்கு நெருக்கமான கதை ஜெய்ப்பூர் கால். வெளிநாட்டுச் செயற்கைக் கால் ஷூ போட்டு, சமதளத்தில் நடந்து, நாற்காலியில் உட்காருகிறவர்களுக்காகச் செய்தது. நம்மவர்கள் சம்மணம் போட வேண்டும், குத்துக்கால் வைக்க வேண்டும், வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டும். 1960களின் இறுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து, ரப்பரில், கணுக்கால் எல்லாப் பக்கமும் வளைகிற ஒரு காலைச் செய்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கலாம். 2022இல் நம் சென்னை ஐஐடி "கடம்" என்ற செயற்கை முழங்காலை வெளியிட்டது. கடம் என்றால் இந்தியில் அடி, எட்டு என்று பொருள். இந்த இரண்டுமே, பயன்படுத்தப்போகிறவர் வாழ்க்கையை முதலில் கேட்டுவிட்டு வரைந்தவை. நம் கருவிகளைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

உழவு மாடு: முக்கால் குதிரைத் திறன்

ஒரு காளை தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விசையோடு நாள் வேலையாக இழுக்கும். 400 கிலோ காளை என்றால் 40 கிலோ. ஜோடிக்கு 80. மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகம், அதாவது வினாடிக்கு 0.7 மீட்டர். பெருக்கினால் 56. ஒரு குதிரைத் திறன் என்பது 75. ஆக, ஒரு ஜோடி மாடு முக்கால் குதிரைத் திறன். அதற்கு மேல் கேட்டால் மாடு கொஞ்ச நேரம் தரும், பிறகு படுத்துவிடும்.

அந்த 40 கிலோ விசை மாட்டின் உடம்பில் எங்கே விழுகிறது? நுகத்தடி படும் இடத்தில். உருட்டான தடி 50 சதுர செ.மீ. மட்டும் தொட்டால் ஒவ்வொரு சதுர செ.மீட்டருக்கும் 0.8 கிலோ. கழுத்துக்கு ஏற்றபடி செதுக்கி, மெத்தை வைத்து 150 சதுர செ.மீ. தொட வைத்தால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கழுத்துப் புண்ணுக்கு மருந்து தேடுவதற்கு முன்னால் நுகத்தடியைப் பாருங்கள். பெங்களூரு ஐஐஎம்மின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமஸ்வாமி, மேலாண்மைப் படிப்பை நடத்திக்கொண்டே மாட்டு வண்டியைச் சீர்திருத்தப் பல வருசம் எழுதியும் பேசியும் வந்தார். நல்ல சக்கரம், பேரிங், கழுத்தில் பாரம் விழாத அமைப்பு இவைதாம் அவர் கேட்டவை.

பயிர் சாய்வதும் மரம் விழுவதும்

மாப்பிள்ளைச் சம்பா போட்டவர்களுக்குத் தெரியும், கதிர் முற்றும் நேரத்தில் ஒரு மழைக்காற்று அடித்தால் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். இதுவும் கடப்பாரைக் கணக்குதான். பாரம் மேலே, அடித்தூர் கீழே. உயரம் கூடக் கூட அடித்தூரின் மேல் விழும் வளைப்பும் கூடும். 1966இல் வந்த ஐ.ஆர். 8 இந்தக் கணக்கை உயரத்தைக் குறைத்துத் தீர்த்தது. குட்டை ரகம் என்பதால் உரத்தைக் கொட்டினாலும் சாயவில்லை. அதன் பின்கதை நமக்குத் தெரியும்.

நெட்டை ரகம் வேண்டும் என்கிற நாம் அடித்தண்டைப் பலப்படுத்தித்தான் தீர்க்க வேண்டும். நெல் தண்டு ஏன் குழாயாக இருக்கிறது? அதே அளவு சரக்கைக் கெட்டிக் குச்சியாகச் செய்வதைவிட விட்டம் கூட்டிக் குழாயாகச் செய்தால் வளையாமல் நிற்கும். கலிலியோ 1638இலேயே வைக்கோலையும் பறவை எலும்பையும் காட்டி எழுதிய விசயம் இது. ஆக, நமக்குத் தேவை அடிக்கணு குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பது. நெருக்கி நட்டால் வெயில் அடியில் படாது, அடிக்கணு நீண்டு மெலியும். தழைச்சத்து அதிகமானாலும் அப்படியே. அது யூரியாவில் வந்ததா, அளவில்லாமல் போட்ட தொழுவுரத்தில் வந்ததா என்று பயிர் பார்க்காது. இடைவெளி விட்டு நடவு, காயவிட்டுப் பாய்ச்சும் தண்ணீர் இரண்டும் என் வயலில் சாய்வைக் குறைத்திருக்கின்றன.

இன்னொரு அதிசயம். செடியும் எலும்பு மாதிரியே பாரத்தை உணர்கிறது. காற்றில் ஆடும் செடி, ஆடாத செடியைவிடக் குட்டையாக, தடியாக வளரும். 1973இல் மார்டெகாய் ஜாஃபி என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை அளந்து, கையால் தடவினாலே போதும் என்று காட்டினார். மரக்கன்றுக்குக் குச்சி நட்டு அசையாமல் இறுக்கிக் கட்டுகிறோமே, அது கன்றை நாற்காலியில் உட்கார வைப்பது மாதிரி. தளர்வாகக் கட்டுங்கள், ஆடட்டும்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மறுநாள் காலை கொரட்டூரில் எங்கள் தெருவில் கால் வைக்க இடமில்லை, அத்தனை மரம். நான் பார்த்தவரை பெரும்பாலும் தண்டு முறியவில்லை. வேரோடு பெயர்ந்திருந்தன. ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாய்க்காக வேரை வெட்டியிருந்தார்கள், மறுபக்கம் கான்கிரீட். மரம் நிற்பது வேர் பிடித்திருக்கும் மண்ணின் அகலத்தால். அந்த அகலத்தைப் பாதி வெட்டிவிட்டால் கிளை எவ்வளவு உறுதியாக இருந்து என்ன பயன்? வரப்போர மரத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் தோண்டும்போது இதை யோசியுங்கள்.

மண்ணுக்குள்ளே

வேரும் ஒரு தள்ளும் இயந்திரம். மண்ணின் எதிர்ப்பு சதுர செ.மீட்டருக்கு ஏறக்குறைய 20 கிலோவை எட்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் நின்றுபோகும். ஒரே ஆழத்தில் வருசா வருசம் ரோட்டவேட்டர் ஓட்டினால் அதன் அடியில் ஒரு கெட்டித் தட்டு உருவாகும். மேலே மண் பொலபொலவென்று இருக்கும், வேர் ஒரு சாண் ஆழத்தில் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். மழை பெய்து இரண்டு நாள் கழித்து ஒரு இரும்புக் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். எந்த ஆழத்தில் நிற்கிறதோ அங்கேதான் தட்டு.

மண்புழுவுக்கு எலும்பு கிடையாது. உடம்புக்குள் இருக்கும் நீரைத் தசையால் அழுத்தி, முன்பக்கம் மெலிந்து நுழைந்து, பிறகு பருத்து மண்ணை விலக்குகிறது. புழு போன வழியில் வேர் செலவில்லாமல் இறங்கும். தக்கைப்பூண்டு, சணப்பு வேர்கள் மட்கிய துளைகளும் அப்படியே. ட்ராக்டர் மேலிருந்து அழுத்தியதைப் புழுவும் வேரும் உள்ளிருந்து அவிழ்க்கின்றன.

கத்தரிப் பூவும் கருவண்டும்

கத்தரி, தக்காளிப் பூவின் மகரந்தப் பை உப்புக் குப்பி மாதிரி. நுனியில் சிறு துளை மட்டும் இருக்கும். அதைக் குலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். பெரிய கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு, சிறகை விரிக்காமல் பறக்கும் தசையை மட்டும் வினாடிக்குச் சில நூறு முறை அதிர வைக்கும். "ர்ர்ர்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான். தேனீப் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டு குடியிருப்பது பட்ட மரத்திலும் காய்ந்த மூங்கிலிலும். வேலியோரம் அவற்றை விறகுக்கு எடுக்காமல் கொஞ்சம் விட்டுவைத்தால் கத்தரியில் பலன் தெரியும்.

கருவி யார் உடம்புக்கு?

இப்போது அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

கருவிகளை மனித உடம்புக்குப் பொருத்துவதும் பயோமெக்கானிக்ஸின் ஒரு கிளை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே நாடு தழுவிய திட்டம் ஒன்றை நடத்துகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதில் ஒரு மையம். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் 2009இல் எல்.பி. கீதே குழுவினரின் தொகுப்பை வெளியிட்டது. இந்திய விவசாய வேலையாட்களின் 79 உடல் அளவுகளும் 16 வகை வலிமை அளவுகளும் அதில் இருக்கின்றன. ஆணின் சராசரி உயரம் ஏறக்குறைய 163 செ.மீ., பெண்ணுக்கு 152. பதினொரு சென்டிமீட்டர் வித்தியாசம். கை நீளம், பிடியின் அகலம், தள்ளும் வலிமை எல்லாவற்றிலும் வித்தியாசம் உண்டு.

கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த அப்பச்சன் என்கிற எம்.ஜே. ஜோசப் செய்த தென்னை ஏறும் கருவியைப் பாருங்கள். கையாலும் மாராலும் மரத்தைக் கட்டிப் பிடிக்கும் வேலையைக் காலுக்கு மாற்றினார். காலில் இருப்பது உடம்பின் பெரிய தசைகள். அதன் பிறகு பெண்களும் தென்னை ஏறினார்கள்.

இதைப் படித்தபோது என் பழைய வேலை ஞாபகம் வந்தது. பவர் டில்லருக்கும் ட்ராக்டருக்கும் எத்தனையோ கடன் மனுக்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எத்தனை குதிரைத் திறன், எவ்வளவு மானியம், என்ன ஜாமீன் என்று கேட்டேன். அதை யார் பிடிக்கப் போகிறார்கள், அவர் கை எட்டுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ட்ராக்டர் இருக்கையின் ஆட்டம் வினாடிக்கு நாலு முதல் ஆறு தடவை என்ற அளவில் வந்தால் முதுகெலும்பு அதோடு சேர்ந்து ஆடும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

என் வயலில் கோனோ வீடர் முன்பே இருந்தது. மூலையில் கிடந்தது. "அது ஆம்பளைங்க ஓட்றது சார், கை மேல தூக்கிக்குது" என்றார் அக்கா. பக்கத்தில் நிறுத்தி அளந்தேன். கைப்பிடி அவர் மாருக்கு நேராக வந்தது. தள்ளும் கருவிக்குப் பிடி முழங்கை உயரத்தை ஒட்டி இருந்தால்தான் உடம்பு எடையை அதில் சாய்க்க முடியும். வெல்டிங் பட்டறையில் கொடுத்து, பிடியை மூன்று உயரத்தில் மாற்றிப் பூட்டுகிற மாதிரி துளை போட்டு போல்ட் வைத்தோம். பிடிக் குழாயும் கைக்குள் அடங்கும்படி மூன்று செ.மீ. விட்டத்துக்கு மாற்றினோம்.

அடுத்து அவர் கேட்டது இந்தப் படிப்பில் எங்கும் இல்லாத கேள்வி: "மிசின் வந்தா எங்க கூலி நாள் கொறையுமா சார்?"

நியாயமான பயம். கைவேலையாக இருக்கும்வரை பெண்கள் வேலை, கருவி வந்ததும் ஆண் வேலை என்று ஆகிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். குழுவோடு உட்கார்ந்து பேசினோம். வீடரை அவர்கள் குழுவே ஓட்டுவது, முன்பு கைக்களைக்குக் கொடுத்த மொத்தக் கூலியைக் குறைக்காமல் கொடுப்பது, சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போவது. எனக்குச் செலவு மிச்சம் இல்லை. பட்டறைச் செலவும் என்னுடையது. ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கு நேராகிறது.

உண்மையையும் சொல்ல வேண்டும். வீடர் வந்ததால் வலி மறைந்துவிடவில்லை. இடுப்புக்கு ஓய்வு கிடைத்தால் தோளுக்கு வேலை. அதனால் அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றி ஓட்டுகிறார்கள். பயிருக்குப் பக்கத்தில் உள்ள களையைக் கையால்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நடவு இன்னும் குனிந்துதான் நடக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. நேரடி விதைப்பை அடுத்த பட்டத்தில் கால் ஏக்கரில் பார்க்கப் போகிறேன்.

செய்து பாருங்கள்

1. உங்கள் நிலத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவரின் முழங்கை உயரத்தையும் நாடாவால் அளந்து நோட்டில் எழுதுங்கள். கருவிப் பிடியின் உயரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். நாலு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

2. தொழுவுரம், நெல், தவிடு எதுவானாலும் தூக்குவதற்கு 20 முதல் 25 கிலோச் சாக்காகப் பிரியுங்கள். தூக்கும்போது உடம்போடு ஒட்டி, இடுப்பைத் திருகாமல்.

3. குனிந்து செய்யும் வேலையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் லேசாக வளையட்டும். முதலாளி பார்ப்பாரே என்று யாரும் சங்கடப்படாதபடி, அந்த நிமிடத்தை நீங்களே கூப்பிடுங்கள்.

4. குனிந்த வேலை முடித்தவர் கையில் உடனே சுமையைக் கொடுக்காதீர்கள்.

5. நுகத்தடி, கம்பி, அடித்தண்டு, மரம் கட்டிய கயிறு நான்கையும் இந்த வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

6. நாள் முடிவில் "எங்கே வலிக்குது?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பதிலை வரவு செலவு எழுதுகிற அதே நோட்டில் எழுதுங்கள்.

நான் இந்தச் சம்பாவிலிருந்துதான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் இடுப்பு. உங்கள் நோட்டில் என்ன வருகிறது என்று எழுதி அனுப்புங்கள். கைப்பிடியை எப்படி மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்தவர் வயலுக்கு அது பயன்படும்.